லீமாரோஸ் போட்ட டீ

தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டும் சந்தியாகுவின் மனைவி லீமாரோஸ், கணவர் கரையில் இருக்கும் நாளில் பதினான்கு முறை டீ போடுவாள். அவளாக அதை எண்ணியதில்லை. ஒரு நர்ஸ் கேட்டு, விரல்களை மடக்கிச் சொல்லும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதுவரை அது எண்ண வேண்டிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. அடுப்பு இருக்கிறது, பால் இருக்கிறது, மனுஷன் வீட்டில் இருக்கிறார். டீ போட வேண்டியதுதான்.

ஆனால் அது தொடங்கிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன், மகள் சிநேகாவின் புதுநன்மைக்கு மறுநாள்.

முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிற பிள்ளை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. சந்தியாகுவும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டார். ஆனால் காலையிலேயே குடித்திருந்தார். பாதிப் பூசையில் கடைசி பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வெளியே மதில் நிழலில் படுக்க வைத்தார்கள். பூசை முடிந்து போட்டோவுக்காக வெளியே வந்த பிள்ளை அவரைப் பார்த்தது. காலிலிருந்து கழன்று தூரத்தில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து வந்து, காலுக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டுப் போட்டோவுக்குப் போனது. 

மறுநாள் லீமாரோஸ் சொல்லித்தான் இது சந்தியாகுவுக்குத் தெரியும். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "இனிமே இல்ல" என்றார்.

அவள் நம்பவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இதே வார்த்தையை நான்கு முறை கேட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். தூளை ஒரு பங்கு கூட்டி, சீனியை அள்ளிப் போட்டு, ஆவி பறக்க ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் நீட்டினாள். ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை வாசலைப் பார்க்கவில்லை. கால்மணி நேரம் கழித்து மறுபடி எழுந்தார். மறுபடி ஒரு டம்ளர். சாராயக்கடை அடைக்கும் பத்து மணிக்குள் ஆறு டம்ளர் போயிருந்தது. மனிதர் வீட்டிலேயே இருந்தார்.

மறுநாளும் அப்படித்தான். அடுத்த வாரமும் அப்படித்தான். மாதங்கள் போயின, வருடங்கள் போயின, அவர் குடிக்கவில்லை. லீமாரோஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் அடுப்பை மட்டும் அணைய விடவில்லை. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை அவள் கண் அவர் மேலேயே இருக்கும். தெருப்பக்கம் அவர் தலை திரும்பினால் போதும், டம்ளர் முன்னால் வந்து நிற்கும். அவருக்குத் துணையாகத் தானும் ஒரு அரை டம்ளர் ஊற்றிக்கொள்வாள். தனியாகக் குடிக்கச் சொன்னால் அது மருந்து கொடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

சந்தியாகுவுக்குத் தூக்கம் போய்விட்டது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. விசைப்படகில் டிரைவர் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியவர்தானே. விடியற்காலையில் கரைக்கு வந்து மீனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார். படுப்பார், எழுவார், டீ குடிப்பார், அடுத்த நாள் மறுபடி கடல். எது தூக்கம், எது விழிப்பு என்று பிரித்துப் பார்க்க அந்தப் பிழைப்பில் இடமில்லை.

தடைக்காலம் வரும்போதுதான் அது வெளியே தெரியும். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இரண்டு மாதமும் எல்லா இரவும் வீட்டில். போன வருடத் தடைக்காலத்தில் சந்தியாகுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிநேகா ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் இருந்ததால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பத்து மணிக்குப் படுப்பார். புரளுவார். ஒரு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்காருவார். எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார், பின்பக்கம் போவார், வந்து மறுபடி உட்காருவார். கீழே பாயில் லீமாரோஸ் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். தூங்குவதில்லை. வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். இரவில் விழித்திருக்கிற ஆம்பளைக்கு எந்த நினைப்பு எப்போது வருமென்று யார் கண்டது?

பகலில் இரண்டு பேருக்கும் தலை கனத்துக் கிடக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும். அவளுக்கு நெஞ்சில் எரிச்சல். அதற்கும் டீதான். குடித்தால் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தடைக்காலத்தின் இருபதாவது நாள் ஒரு சம்பவம் நடந்தது.

படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த பலகை மேல் நின்று நீலம் பூசிக்கொண்டிருந்தார். பதினொரு மணி வெயில். நின்றபடியே கண் சொருகிவிட்டது. கையில் பிரஷ்ஷோடு அப்படியே கீழே விழுந்தார். மணல் என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டு மட்டும் உடம்புக்கு அடியில் மடங்கிக்கொண்டது.

செய்தி அவரை முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஹெலன்.

"லீமாக்கா, அண்ணன் படகுலருந்து விழுந்துட்டாகளாம். அடி பெருசா இல்லையாம், பதறாதீக." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "மறுபடி குடிச்சிருந்தாகளோன்னு அங்கன பேசிக்கிறாகளாம்."

லீமாரோஸின் காதில் கடைசி வாக்கியம்தான் விழுந்தது.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவள் எலும்பை நினைக்கவில்லை, ரத்தத்தை நினைக்கவில்லை. ஒன்பது வருடம், ஒன்பது வருடம் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கரையில் இறங்கி ஓடினாள். படகு நிழலில் சந்தியாகுவை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அவள் அவர் முன்னால் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து, வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள்.

பெயிண்ட் வாசம். வியர்வை. டீ.

முகத்தை விலக்கியபோதுதான் அவர் கண்ணைப் பார்த்தாள். வலியில் சிவந்திருந்த கண்கள். அவள் என்ன செய்தாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. யாரோ இருமினார்கள்.

"டீதான் லீமா" என்றார் சந்தியாகு மெதுவாக. "கை வலிக்கிது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். தூங்கி விழுந்ததாகச் சொன்னதும், ரத்த அழுத்தம் பார்த்து விசாரிக்கும்படி நர்ஸிடம் அனுப்பினார். பெரியபட்டினத்துக்காரப் பெண், பெயர் காலிதா. முப்பது வயதிருக்கும். அழுத்தம் கூடுதலாக இருந்தது. குறித்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை மணிக்குப் படுப்பீங்கண்ணே?"

"பத்துக்கு."

"தூக்கம் எப்ப வரும்?"

"அது வாரப்ப வரும். ரெண்டாகும், மூணாகும். சில நாளு விடிஞ்சே போயிரும்."

"காலையிலருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன குடிப்பீங்க? தண்ணி, டீ, கலரு, எல்லாம் சொல்லுங்க."

சந்தியாகு மனைவியைப் பார்த்தார். லீமாரோஸ் விரல்களை மடக்கினாள். எழுந்ததும் ஒன்று, கோயில் மணி அடித்ததும் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று. இரண்டு கை விரலும் தீர்ந்து மறுபடி முதல் கைக்கு வந்தாள். ஆறு மணிக்கு மேல் மட்டும் ஆறு. மொத்தம் பதினான்கு. தண்ணீர் என்று பார்த்தால் சோற்றோடு ஒரு சொம்பு, ராத்திரி விழித்திருக்கும்போது ஒரு சொம்பு.

காலிதா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "டீ கெட்டது இல்லண்ணே. நானும்தான் குடிக்கிறேன். ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்குக் குடிச்ச டீயோட வேகம் பாதி, ராத்திரி ஏழு எட்டு மணிக்கும் ஒடம்புல நிக்கும். நீங்க பத்து மணி வரைக்கும் ஊத்திக்கிட்டே இருந்தா ஒடம்பு எப்படி அடங்கும்?"

அப்போது சந்தியாகு ஒன்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். "குடிச்சுக்கிட்டிருந்த காலத்துல இந்தப் பிரச்சினையே இல்ல சிஸ்டர். படுத்தா கட்டை மாதிரி தூங்குவேன்."

லீமாரோஸ் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது தூக்கமில்லண்ணே" என்றாள் காலிதா. "சாராயம் மொதல்ல அமுக்கிப் போடும். பாதி ராத்திரியில தூக்கி உக்கார வச்சிரும். ஒடம்பு அதுல சரியா ஓய்வே எடுக்காது." லீமாரோஸ் பக்கம் திரும்பினாள். "அப்ப ராத்திரியில எந்திரிப்பாங்களா அக்கா?"

"எந்திரிக்காம என்ன? மூணு மணிக்குத் தண்ணி தண்ணின்னு கத்துவாக. வேர்த்துக் கொட்டிப் பாயே நனைஞ்சு கெடக்கும். மாத்துப் பாய் விரிச்சுத்தான் மறுபடி படுக்க வைப்பேன்."

"நானா?" என்றார் சந்தியாகு.

"பெறகு யாரு?"

அவருக்கு அது எதுவுமே நினைவில் இல்லை. அந்த இரவுகளை நல்ல தூக்கம் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும் என்றாள் காலிதா. ஒவ்வொரு வாரமும் நாளுக்கு இரண்டு மூன்று டம்ளர் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி டீ மத்தியானம் இரண்டு மணிக்கு. தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிட வேண்டும், படுக்கப் போகும்போது சொம்பைத் தூக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்திருக்கப் போனவள் கேட்டாள்: "நீங்க எத்தனை டீ அக்கா? நீங்க தூங்குறீங்களா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. லீமாரோஸ் வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலிதா அவள் முழங்கை மேல் கையை வைத்துக்கொண்டு, அவள் முந்தானையால் துடைத்து முடிக்கும்வரை நின்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. ஆறடித்தது. லீமாரோஸ் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"வேணாம் லீமா" என்றார் சந்தியாகு கட்டிலிலிருந்து. "ரெண்டு மணிக்கு மேல வேணாம்னு அந்தப் பிள்ள சொல்லுச்சுல்ல."

"ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதுன்னும்தான் சொல்லுச்சு."

"அப்ப காலையில உள்ளத வச்சுக்குவோம். சாயந்தரத்துது வேணாம்."

அவள் காதில் வாங்காத மாதிரி பாலை ஊற்றினாள். கொதிக்க வைத்தாள். டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் நின்றாள். அவர் வாங்கவில்லை.  டீ தளும்பி அவள் விரலில் பட்டது, அப்போதும் நின்றுகொண்டே இருந்தாள்.

"கைய சுட்டுக்காத. கீழ வையி" என்றார். "ஏன் பிள்ள இப்படி நிக்கிற?"

"பயமா இருக்கு."

"எதுக்கு?"

"இது இல்லாட்டி நீங்க வெளிய போயிருவீகன்னு." சொல்லிவிட்டு டம்ளரைத் தரையில் வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தாள். "இம்புட்டு வருஷமும் நான் ஒங்களுக்காகப் போடல. எனக்காகத்தான் போட்டேன். ஒங்க கையில டம்ளர் இருந்தா எனக்கு மூச்சு வரும். தூக்கம் வரலன்னு நீங்க ஒக்காந்திருக்கும்போது, இந்த டீதான் காரணமோன்னு எனக்கே தோணியிருக்கு. தோணியும் போட்டேன். இன்னைக்கு, அம்புட்டுப் பேரு முன்னால..." மேலே சொல்ல முடியவில்லை. "மொதல்ல கையத்தான் பாத்திருக்கணும்."

சந்தியாகு கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஒம்போது வருஷம் ஒழுங்கா இருந்துட்டேங்கிறதுக்காக, அதுக்கு முந்தி உள்ள பதினொரு வருஷம் இல்லன்னு ஆயிருமா? நீ மோந்து பாத்ததுல தப்பில்ல" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருநா போனேன்."

"எங்க?"

"கடைக்கு. பஸ்ல மண்டபத்துக்கு எஞ்சின் சாமான் வாங்கப் போனப்ப. வரிசையில நின்னேன்."

"குடிச்சீகளா?"

"இல்ல. வந்துட்டேன்."

"ஏன் வந்தீக?"

"அதான் எனக்கும் தெரியல. சாமி வந்து சொல்லிச்சுன்னு சொன்னா நல்லாருக்கும், அப்படி ஒண்ணும் இல்ல. வெயிலு. வரிசை நகரல. எனக்கு முன்னால நின்னவன் சட்டையெல்லாம் அழுக்கு. பாத்துக்கிட்டே நின்னேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்." நல்ல கையால் தாடையைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ டீ குடுத்த. குடிச்சேன். ஆனா நான் திரும்பி வந்தது டீக்காக இல்ல லீமா. வரணும்னு வந்தேன், அம்புட்டுத்தான்."

லீமாரோஸ் அழுதாள். அவர் அழ விட்டார். பிறகு சொன்னார், "இன்னொண்ணும் சொல்லிர்றேன். சாயந்தரத்துல அந்த ஆறு டீயில ரெண்டுதான் எனக்குப் புடிச்சுக் குடிக்கிறது. மிச்சம் நாலும், வேணாம்னு சொன்னா ஒன் மூஞ்சி வாடிப்போகுமேன்னு குடிக்கிறது."

"பாதகத்தி, சொல்லியிருக்கலாம்ல!" என்று அவளையறியாமல் வந்தது. யாரைப் பாதகத்தி என்று திட்டினாள் என்று இருவருக்குமே தெரியவில்லை. சிரித்துவிட்டார்கள். தரையில் இருந்த டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு அப்படி இருக்கவில்லை. முதல் வாரம் அவருக்குத் தலைவலி. துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார். ரேடியோ சத்தம் ஆகாது, ஹெலன் வீட்டுக் கோழி சத்தம் ஆகாது. லீமாரோஸுக்கும் தலைவலிதான், ஆனால் அவளுக்குச் சமையல் இருந்தது. ஆறிலிருந்து பத்து வரையிலான அந்த நான்கு மணி நேரம் இரண்டு பேர் முன்னாலும் வெறுமையாகக் கிடந்தது. கையில் பிடித்துக்கொள்ளச் சூடாக ஏதாவது வேண்டுமே என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டார். சுக்குத் தண்ணீரும் ஒத்துவரவில்லை. கடைசியில், ராத்திரிச் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு டம்ளர் கொடுத்தாள். அதைக் குடித்தார். "இது நல்லாருக்கே" என்று அவள் டம்ளரையும் வாங்கிக் குடித்துவிட்டார். அப்புறம் தினமும் அதுதான், ஏழரை மணிக்கு ஆளுக்கு ஒன்று.

இரண்டாம் வாரம் பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் வந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் பதினொன்றுக்கே குறட்டைச் சத்தம் கேட்டது. லீமாரோஸ் அதைக் கேட்டபடி படுத்திருந்தாள். அவளுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. காது பழகிவிட்டிருந்தது, தாழ்ப்பாளையே கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் சந்தியாகு படகைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆறு மணிக்குப் போனவர் ஏழாகியும் வரவில்லை. எட்டாயிற்று. போன் கட்டிலிலேயே கிடந்தது. ஹெலன் எட்டிப் பார்த்து, "ஆளு விட்டுப் பாக்கச் சொல்லவாக்கா?" என்றாள். "வேணாம்" என்றாள் லீமாரோஸ். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு உடம்பில் இருந்த பலம் முழுக்கத் தேவைப்பட்டது. கஞ்சியை மூடி வைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். வந்தால் முகத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாதாவிடம்கூட வேறெதையும் கேட்கவில்லை.

எட்டரை மணிக்குச் சந்தியாகு வந்தார். வாசலில் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார். தலை குனிந்திருந்தது.

"லீமா, தப்புப் பண்ணிட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாப் கடையில நம்ம படகு வேல்ராஜ் கூப்பிட்டான். பேசிக்கிட்டிருந்தமா, அப்படியே ரெண்டு குடிச்சுட்டேன்."

"என்னது ரெண்டு?"

"டீ. ஏலக்கா போட்டு வாங்கிக் குடுத்தான், வேணாம்னு சொல்ல முடியல."

லீமாரோஸ் அவரைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது ஆள், இரண்டு டீக்காகத் தலை குனிந்து நிற்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் அழுகையும் வந்தது, அதையும் சேர்த்தே சிரித்தாள். ஹெலன் பயந்துபோய் வெளியே ஓடிவந்தாள். "என்னக்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல ஹெலன். ஒங்க அண்ணன் டீ குடிச்சுட்டு வந்துருக்காக."

அன்று இரவு சந்தியாகு ஒரு மணி வரை புரண்டுகொண்டிருந்தார் என்று மறுநாள் அவரே சொன்னார். லீமாரோஸுக்குத் தெரியாது. அவள் பத்து மணிக்குப் படுத்தவள். கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் பாயின் பாதி வரை வந்திருந்தது. காலைப் பூசை மணி அடித்து, பூசையே முடிந்திருந்தது. அதைத் தவற விட்டது கல்யாணமான பிறகு அதுதான் முதல் முறை. வாசலில் ஹெலனின் குரல் கேட்டது: "அக்காவுக்கு ஒடம்புக்கு என்னண்ணே? வெளியவே காணமே!" அதற்குச் சந்தியாகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சத்தம் போடாத. தூங்குறா."

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

ஜூன் பாதியில் மற்றப் படகுகள் கடலுக்குப் போயின. கட்டுப் பிரித்துக் கை சரியான பிறகு சந்தியாகு ஜூலையில் போனார். முதல் பயணத்திலேயே கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டார், சாயங்காலத்துக்கு மேல் தனக்கு ஒரே டம்ளர் டீதான், இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு வரை வேல்ராஜ் வீல் பிடிக்க வேண்டும் என்று. வேல்ராஜ் முனகினான், ஆனால் பிடித்தான். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாத்திரை தேவைப்படவில்லை. மாதாமாதம் போய்க் காட்டும்போது காலிதா இரண்டு பேரையுமே உட்கார வைத்து விசாரிக்கிறாள்.

இப்போது லீமாரோஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை டீ போடுகிறாள். கடைசி டீ இரண்டு மணிக்கு. அதைக் கொல்லையில் வேப்பமர நிழலில் ஸ்டூலைப் போட்டு நிதானமாகக் குடிக்கிறார்கள். தூக்கம் வராத இரவுகள் இல்லாமல் போகவில்லை. கடலிலிருந்து வந்த நாளில் உடம்பு நேரம் மாறிக் கிடக்கும். அப்போது சந்தியாகு இருட்டில் பேச்சுக் கொடுப்பார். ஹாஸ்டலிலிருந்து சிநேகா போனில் என்ன சொன்னாள், யார் வீட்டில் கல்யாணம், எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகலாம் என்று ஏதாவது. அவள் பாயிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே வருவாள். கொஞ்ச நேரத்தில் பதில்கள் 'ம்' என்று சுருங்கும். அப்புறம் அதுவும் நின்றுவிடும். சந்தியாகு கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு, மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைப்பார்.